நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீற்றர்

ஒலிம்பியாவின் வாசலில் ஒட்டியிருந்த தாளை இரண்டு முறை வாசித்தேன். கடும் வெப்பம் காரணமாக இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மூடப்படும். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. அப்போது நேரம் பத்து இருபத்தைந்து.

"ரெண்டு கல்லைப் பாத்துப்போட்டு வெளிக்கிடுங்கோ எண்டு எழுதியிருக்கிறாங்கள்," என்றான் அண்ணா.

விடிய ஐந்தரைக்கு எழும்பி ஏதென்ஸிலிருந்து இவ்வளவு தூரம் கார் ஓடினவன் அவன்தான். சிட்னியில் இடப்பக்கம் ஓடிப் பழகின கை. ஒவ்வொரு சந்தியிலும் அம்மா பின்சீற்றிலிருந்து "வலப்பக்கம் விவேக், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணாவுக்குப் பொறுமை முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் இருக்கையில் இருக்க முடியவில்லை. ரிக்கற்றைக் கையில் வாங்கியதும் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு நான் பாதி தூரம் நடந்துவிட்டேன்.

நாங்கள் சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கம். சூரிச்சில் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் என்று குடும்பமாக ஐரோப்பாவுக்கு வந்தோம். கல்யாணம் முடிந்ததும் அப்பா தன் சகோதரங்களோடு அங்கேயே தங்கிவிட்டார். கிரேக்கத்துக்கு மூன்று நாள் போகலாம் என்றது என் யோசனை. பள்ளிக்கூடத்தில் பழங்கால வரலாறு எடுத்த நாளிலிருந்து இந்தக் கதைகளை வீட்டில் எல்லோருடைய காதிலும் ஓதுகிறவள் நான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வினுஷா கல்லுப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

நான் போனது ஓடுவதற்கு.

போன ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, நெற்போல் அரையிறுதி. எட்டிப் பந்தைப் பிடித்து, காலை ஊன்றித் திரும்பினேன். வலது முழங்காலுக்குள் டக் என்று ஒரு சத்தம். இடைவேளைக்கு வெட்டின தோடம்பழத் துண்டுகளோடு ஓரத்தில் நின்ற அம்மா, அந்தச் சத்தம் தனக்கும் கேட்டது என்று இன்றுவரை சொல்கிறார். உள்ளே இருக்கிற தசைநார் அறுந்துபோயிற்று. தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மாதம், பரமட்டாவில் தர்ஷனா என்கிற பிசியோவின் கையில் என் வாழ்க்கை. பயணம் வெளிக்கிடுவதற்கு முந்தின வாரம் அவள் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தாள். நேராக ஓடுவதென்றால் எவ்வளவு வேகமாகவும் ஓடலாம் என்றாள். "உன்ர கால் ரெடி, வினு. நீதான் ரெடியில்லை."

அவள் சொன்னது சரி. அதற்கு முதலே நாலு முறை மைதானத்துக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஏழெட்டு அடி ஓடுவேன், காதுக்குள் அந்த டக் கேட்கும், நடக்கத் தொடங்கிவிடுவேன். ஐந்தாம் முறை காரை விட்டே இறங்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ஒலிம்பியாவில், பழங்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஓட்டத்தடம் இன்னமும் மண்ணாகவே கிடக்கிறது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீற்றர். சுற்றுலா வருகிற எவரும் அதில் ஓடலாம். என் முதல் முழு ஓட்டம் அங்கேதான். உலகத்தின் மற்றப் பக்கம்வரை போயும் ஓட முடியாவிட்டால், இனி ஒருபோதும் ஓடமாட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

இது அம்மாவுக்கு விமானத்தில் வரும்போதுதான் தெரிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் எலும்பு வார்ட்டில் உதவியாளராகப் பதினாறு வருஷம் வேலை செய்கிறவர். ஒருமுறை தைத்த முழங்காலை இரண்டாம் முறை கிழித்துக்கொண்டு வந்த பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றி இறக்கியவர். நடக்கலாம், ஓடக்கூடாது. அதுதான் அவர் தீர்ப்பு. தர்ஷனாவின் மின்னஞ்சலைக் காட்டினேன். மின்னஞ்சல் வந்து கட்டிலில் கிடக்காது என்றார்.

உள்ளே வெயில் கல்லிலிருந்தும் வந்தது, மேலிருந்தும் வந்தது. சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. கிரேக்கக் கடவுள் சியூஸின் கோயில் இருந்த இடத்தில், நிலநடுக்கத்தில் தூண்கள் விழுந்து, ஆளுயர வட்டக் கல்லுகளாக, வெட்டி அடுக்கின வாழைத்தண்டு மாதிரிச் சரிந்து கிடந்தன. ஒரு தூணை மட்டும் திரும்ப நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அம்மா அதை அண்ணாந்து பார்த்து, எந்த நிலநடுக்கம், எப்போது என்று விசாரித்தார். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நடந்தபடி பெலொப்ஸின் கதையையும் சொன்னேன். தன் மகளைக் கேட்டு வருகிறவனெல்லாம் தேரோட்டத்தில் தன்னை வெல்ல வேண்டும் என்று சொன்ன ஒரு ராசா. தோற்றவர்களைக் கொன்றுபோட்டான், பதின்மூன்று பேரை. பெலொப்ஸ் வந்தான். ராசாவின் தேர்க்காரனை மடக்கி, சில்லின் அச்சாணிக்குப் பதிலாக மெழுகு வைக்கச் செய்தான். பாதி வழியில் சில்லுக் கழன்று ராசா செத்தான், பெலொப்ஸ் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போனான்.

"பதின்மூண்டு பேர் செத்தாப் பிறகும் பதினாலாவது ஆள் பொம்பிளை கேட்டு வாறான் பாருங்கோ," என்றான் அண்ணா. "நீங்கள் எனக்குப் பாக்கிற இடத்திலையும் இப்பிடி ஏதும் போட்டி இருக்கோ அம்மா?"

அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவர் மனம் தேர்க்காரனில் நின்றது. அந்தப் பாவிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டார். பெலொப்ஸ் அவனைக் கடலுக்குள் தள்ளிக் கொன்றான் என்றேன். நினைச்சனான் என்றார்.

அடுத்தது ஹீராவின் கோயில். சியூஸின் மனைவி. அடித்தளமும், பாதியாய் நிற்கிற தூண்களும், முழுதாய் நிற்கிற மூன்று நாலும். சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. இது அம்மன் கோயில்தானே என்று அம்மா கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு சொல்லில் எல்லாம் பிழையாய்ப் போயிற்று.

அம்மா கைப்பைக்குள்ளிருந்து மடித்து வைத்த பச்சைச் சாமான் பையை எடுத்தார். எங்கள் வீட்டில் கோயிலுக்குப் போனால் அதுதான் வழக்கம். ஒரு திருவிழாவில் என் புதுச் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போன நாளிலிருந்து, எல்லோருடைய செருப்பும் ஒரே பைக்குள் போய், முடிச்சுப் போட்டு, ஒரு மூலையில் வைக்கப்படும்.

அம்மா, இது கோயில் இல்லை, இடிந்த கட்டடம், இங்கே ஆயிரத்தைந்நூறு வருஷமாக ஒருவரும் கும்பிடவில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். எத்தனை கோயில் இடிந்து கிடக்கிறது, அதற்காகச் செருப்போடு போவோமா என்றார். சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. கழற்றிக் கொடுத்தேன். அது செருப்பில்லை, ஓடுகிற சப்பாத்து. உள்ளே என் காலுக்கென்று அச்செடுத்துச் செய்த அட்டை. அண்ணாவும் கொடுத்தான். அம்மா முடிச்சைப் போட்டு, பையை ஒரு ஒலிவ் மரத்தடியில், கல்லோடு சேர்த்து வைத்தார். பிறகு கயிற்றுக்கு வெளியே, கோயிலை வலமாக, மூன்று முறை சுற்றினார். நாங்களும் பின்னால் போனோம். அண்ணா நிழலுக்கு நிழல் பாய்ந்து பாய்ந்து வந்தான்.

மூன்று சுற்றும் நான் கதை சொல்லாமல் இருக்கவில்லை. ஆம்பிளைகளின் போட்டிகளைப் பார்க்கக்கூட கல்யாணம் கட்டின பெண்களை விடமாட்டார்கள். ஆனால் ஹீராவுக்கென்று தனியாக ஒரு விழா இருந்தது. அதில் பெட்டைகள் ஓடினார்கள், தலைமயிரை அவிழ்த்துவிட்டு, அதே தடத்தில். ஒரு வித்தியாசம்தான். அவர்களுக்கு ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள்.

"ஏன் குறைச்சவங்கள்?" அம்மா நிற்காமலே கேட்டார்.

"பெட்டையளுக்கு ஏலாதெண்டு நினைச்சிருப்பாங்கள்."

அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, ஏதோ வேண்டிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் பை இல்லை.

மரத்தைச் சுற்றிப் பார்த்தோம். அடுத்த மரத்தையும் பார்த்தோம். கொஞ்சம் தள்ளி, குடையின் கீழ் ஒரு காவல்காரப் பெண் கழுத்தில் விசிலோடு இருந்தார். நான் ஓடாமல், ஆனால் ஓடுகிற வேகத்தில் நடந்து போய்க் கேட்டேன். அவர் எங்கள் மூன்று பேருடைய காலையும் பார்த்தார். பிறகு தன் வோக்கிரோக்கியில் யாரிடமோ பேசினார். கட்டின பை ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது என்று ஒரு சுற்றுலாக்காரர் வந்து சொன்னாராம். இப்படிக் கிடந்தால் எடுக்க வேண்டும் என்பது விதி. பை பத்திரமாக வாசலுக்கு வெளியே இருக்கிற அலுவலகத்தில் இருக்கிறது, போகும்போது வாங்கிக்கொள்ளலாம். இப்போதே போய் எடுத்துக்கொண்டு திரும்பி வரலாமா என்றேன். முடியாது, வெளியே போனால் போனதுதான் என்றார். சப்பாத்தை ஏன் மரத்தடியில் வைத்தீர்கள் என்று கேட்டார். அம்மா முன்னுக்கு வந்து, தன் இங்கிலீசில், கோயில், கும்பிட்டேன் என்றார். இங்கே இப்போது யாரும் கும்பிடுவதில்லை, மேடம் என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னார்.

"நான் இப்பதான் கும்பிட்டனான்," என்று அம்மா தமிழிலேயே சொன்னார்.

நேரம் பதினொன்று இருபத்தைந்து. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவென்றால் ஒரு நிம்மதி. நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி. சப்பாத்து இல்லை, ஆகவே ஓடத் தேவையில்லை, என் பிழையும் இல்லை. சிட்னியில் எல்லோரிடமும் சொல்ல நல்ல பகிடிக் கதைகூட ரெடி. அந்த நிம்மதி எனக்குத் தெரிந்த நிம்மதி. ஐந்தாம் முறை மைதானத்தில் காருக்குள் இருந்தபோதும் இதே நிம்மதிதான் வந்தது.

அம்மாவும் அதையே வேறு மாதிரிச் சொன்னார். "பாத்தியே? அந்த அம்மனே சப்பாத்தை வாங்கி வைச்சிட்டா. ஓட வேண்டாமெண்டு சொல்லுறா. வா, போவம்."

அவர் முகத்தில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் அந்த நிம்மதியை வைத்திருக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பயத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறோம், அவ்வளவுதான்.

"அம்மா, நீங்கள் சுத்திக்கொண்டு என்ன கேட்டனீங்கள்?"

"சாமியிட்டக் கேட்டதை வெளியில சொல்லுறேல்லை."

"சொல்லுங்கோ."

அம்மா கைப்பையின் வாரைத் திருகினார். "உன்ர காலைத்தான் கேட்டனான். வேற என்னத்தைக் கேக்கிறது."

"கேட்டுப்போட்டு, பிறகு அதை நம்பாமல் கூட்டிக்கொண்டு போறியள்."

"அப்பிடியில்லை வினு."

"அந்த அம்மனுக்குத்தான் பெட்டையள் ஓடினவை எண்டு சொன்னனானெல்லோ. ஒருத்தியும் சப்பாத்துப் போட்டு ஓடேல்லை. ஓடாத எண்டு சொல்லுறதெண்டால் அவ காலையெல்லோ பிடிச்சிருக்கோணும். சப்பாத்தை ஏன் எடுக்கிறா?"

அண்ணா சிரித்துவிட்டான். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடினான். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆயிரம் மறுமொழி சொல்லியிருப்பார். தானே சுற்றிக் கேட்ட ஒன்றுக்கு எதிராகப் பேச அவரால் முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"வெறுங்காலோட ஓடலாமோ எண்டு அந்தப் பிள்ளையைக் கேள்," என்றார் கடைசியில்.

கேட்டேன். காவல்காரப் பெண் தோளைக் குலுக்கினார். அந்தக் காலத்து ஆண்கள் சப்பாத்து மட்டுமில்லை, ஒன்றுமே போடாமல்தான் ஓடினார்கள் என்றார். அம்மா, "என்ன சொல்லுறா?" என்று அண்ணாவைக் கேட்டார். ஓடலாமாம் என்று மட்டும் சொன்னான்.

ஓட்டத்தடத்துக்கு ஒரு கல்வளைவுப் பாதைக்குள்ளால் போக வேண்டும். அதற்கு முன்னால் வரிசையாகக் கல்பீடங்கள். போட்டியில் கள்ளம் செய்தவர்களிடம் தண்டம் வாங்கி, அதில் சிலை செய்து, பெயரையும் வெட்டி வைத்த இடம் அது. சிலைகள் இப்போது இல்லை. வேறு நாளென்றால் நான் அங்கே அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். அன்றைக்குத் தாண்டிப் போனேன். வளைவுக்குள் ஒரு நிமிஷம் குளிர்ந்தது, பிறகு வெள்ளை வெளிச்சம்.

தடம் நான் நினைத்ததைவிட நீளம். இரண்டு பக்கமும் புல் மேடு, நடுவில் வெறும் மண். யாரோ ஒரு குடும்பம் படம் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கிட்ட இருந்த முனையில், மண்ணோடு மண்ணாக, தொடக்கக் கல்வரிசை. அதில் கால்விரல் வைக்க இரண்டு கோடுகள் வெட்டியிருந்தன. நான் விரலை வைத்துப் பார்த்தேன். கல் சுட்டது. கோடு சரியாகப் பொருந்தியது.

அம்மா தடத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். "அந்தப் பெட்டையள் எவ்வளவு ஓடினவை?"

"நூற்றறுபது."

"அப்ப நூற்றறுபது ஓடு. அதுக்கு மேல வேண்டாம். அவைக்கே காணுமெண்டால் உனக்கும் காணும்."

முழுக்க ஓடாமல் நான் போகமாட்டேன் என்றேன். அம்மா செருப்பில்லாத காலோடு, தடத்தின் ஓரமாக, நேராக நடந்து போனார். தன் அடியைத் தானே எண்ணிக்கொண்டு போகிறார் என்பது தெரிந்தது. போய், தூரத்தில் ஓரிடத்தில் நின்று, எங்கள் பக்கம் திரும்பி, தடத்தின் நடுவுக்கு வந்து, றோட்டில் பஸ்ஸை மறிக்கிறவர் மாதிரிக் கையை நீட்டினார்.

"அம்மா மதில் கட்டிப்போட்டா," என்றான் அண்ணா. போனை எடுத்தவன் பிறகு அதைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டான். "படம் எடுக்கேல்லை. நீ ஓடு. நான் மூண்டு சொல்லுறன்."

தலைமயிரை அவிழ்த்துவிட யோசித்தேன். வியர்வையில் முகத்தில் ஒட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் மூன்று சொன்னான்.

முதல் ஏழெட்டு அடி எனக்குத் தெரியும், அதை நாலு முறை ஓடியிருக்கிறேன். ஒன்பதாவது அடியில் டக் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. ஒரு சின்னக் கல்லு இடது பாதத்தில் குத்தியது. ஐயோ என்று நினைத்து முடிய முதல் இன்னொன்று வலதில் குத்தியது. மண் சுட்டது. நின்றால் இன்னும் சுடும். முழங்காலைக் கேட்டுக்கொண்டு ஓட எனக்கு அவகாசமே இல்லை, பாதம் இரண்டும் அவ்வளவு சத்தம் போட்டன. ஐம்பது தாண்டியபோதுதான் நான் ஓடுகிறேன் என்பது பிடிபட்டது. உண்மையாக, கை வீசி, குதிகால் தரையில் படாமல். வலது கால் தள்ளியது. திரும்பத் திரும்பத் தள்ளியது.

நூறில் மூச்சு முட்டியது. ஒன்பது மாதம் ஓடாத நெஞ்சு. தொடை கல்லாகத் தொடங்கியது. கண்ணுக்குள் வியர்வை. அம்மா பெரிதாகிக்கொண்டு வந்தார். நீலச் சட்டை, நீட்டின கை, விரிந்த விரல்கள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பக்கத்தால் விலகி ஓடவும் நினைக்கவில்லை. விலகுவதற்குக் காலைத் திருப்ப வேண்டும், அப்படித் திருப்பித்தான் போன வருஷம் அறுந்தது. நான் நேரே போனேன். அவர்தான் விலக வேண்டும்.

அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். நான் நாலைந்து அடியில் வந்தபோது கை இறங்கியது. அம்மா ஒரு எட்டுப் பின்னால் வைத்து வழி விட்டார். தாண்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் பார்த்தார்.

"பாத்து ஓடு," என்றார். "பாத்து."

மிச்சம் முப்பத்திரண்டு மீற்றர். அது ஓட்டம் என்று சொல்ல முடியாது. தோள் ஆடியது, வாய் பிளந்திருந்தது, ஒவ்வொரு அடியையும் நான்தான் தூக்கி வைத்தேன். ஆனால் நடக்கவில்லை. மறு முனைக் கல்வரிசையைத் தாண்டி இன்னும் இரண்டு அடி போய், புல்லில் கையை ஊன்றி, ஓங்காளித்து, சத்தி வரும்போல இருக்க, குனிந்து நின்றேன்.

தூரத்தில் விசில் கேட்டது. மூடப் போகிறார்கள். அண்ணா மறு முனையில் இரண்டு கையையும் தூக்கி ஏதோ காட்டினான், நேரம் பார்த்தானோ என்னவோ. அம்மா வந்து சேர்ந்தார். மண்ணில் முழங்கால் போட்டு இருந்து, இரண்டு பெருவிரலாலும் என் முழங்கால் சிரட்டையைச் சுற்றி அழுத்தினார், வார்ட்டில் செய்கிற மாதிரி, ஒவ்வோர் இடமாக, அவசரமில்லாமல். மடிக்கச் சொன்னார், மடித்தேன். நீட்டச் சொன்னார், நீட்டினேன்.

"வீங்கேல்லை," என்றார் தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்து, "நோகுதோ?"

"பாதம்தான் நோகுது."

"அது நோகட்டும்."

என் தோளைப் பிடித்து எழும்பினார். அவருடைய பாதமும் சிவந்து போயிருந்தது. திரும்புவதற்கு வேறு வழி இல்லை, அதே தடத்தால்தான் போக வேண்டும். விசில் இரண்டாம் முறையும் அடித்தது.

"ஒருக்கா ஓடிட்டாய். காணும், என்ன?"

"காணாது அம்மா. இன்னும் ஓடோணும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அலுத்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் இன்றைக்கு இரவே ஐஸ் வைக்க வேண்டும் என்றார். ஏதென்ஸில் ஐஸ் பை எங்கே வாங்கலாம் என்று மறு முனையில் நின்ற அண்ணாவிடம் கத்திக் கேட்டபடி எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.